பார்த்தே பழகும் உடல் நகைச்சுவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசனத்தை நம்பாமல் உடம்பை மட்டும் வைத்துச் சிரிக்கவைக்கப் பழக விரும்பும் கல்லூரி மாணவர்களும் குறும்படக்காரர்களும் நாடகக் குழுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சாப்ளின், கீட்டன் போன்ற திரைக் கோமாளிகளையும் மார்சோ போன்ற மைம் (பேசாமல் உடலசைவால் மட்டும் நடிக்கும்) கலைஞர்களையும் எப்படிப் பார்த்தால் நமக்கும் கொஞ்சம் கைவரும் என்பதுதான் விஷயம்.

பயிற்சிப் பள்ளிக்குப் போகாமல், பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா?

பெரிய ஆட்கள் பலரும் அப்படித்தான் கற்றார்கள். பஸ்டர் கீட்டன் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரோடு அமெரிக்க வாட்வில் (பல்சுவை நிகழ்ச்சி) மேடைகளில் ஏறிவிட்டார். அப்பா அவரைத் தூக்கி எறிவதுதான் காட்சியே. எறிய வசதியாக அவருடைய உடுப்பின் முதுகுப் பக்கம் ஒரு பெட்டிக் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள். சாப்ளின் 1908இல் லண்டனில் ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவை நாடகக் குழுவில் சேர்ந்தார். அதே குழுவில் அவருக்கு மாற்று நடிகராக இருந்து, அவருடைய ஒவ்வொரு அசைவையும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வேலையில் இருந்தவர் ஸ்டான் லாரல். ஆமாம், பின்னாளில் ஹார்டியோடு ஜோடி சேர்ந்த அதே லாரல்தான். மார்செல் மார்சோவும் சின்னப் பையனாக சாப்ளின் படங்களைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தார்.

ஆனால் இவர்கள் யாரும் பார்த்ததோடு நிற்கவில்லை. பார்த்ததை அன்றைக்கே உடம்பில் போட்டுப் பார்க்க வேண்டும். வரிசையாக வீடியோ பார்த்துவிட்டுப் படுத்துவிட்டால் நல்ல ரசிகர் ஆகலாம், அவ்வளவுதான். பாரிஸில் ஜாக் லெகோக் 1956இல் தொடங்கிய உடல்வழி நடிப்புப் பள்ளி மாதிரியான இடங்களுக்குப் போக வசதி உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். அங்கேயும் சக மாணவர் மேடையில் தடுமாறுவதை உட்கார்ந்து பார்ப்பது பாடத்தில் பெரிய பங்கு.

எதைக் கவனிப்பது? எப்படி விழுகிறார் என்பதையா?

விழுவதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: கண் எங்கே போகிறது, உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது, எந்த இடத்தில் ஆள் அசையாமல் நிற்கிறார்.

கீட்டனின் 1928 படம் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’. புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. அவர் நிற்கும் இடத்தில் சரியாக மாடி ஜன்னலின் திறப்பு இறங்குவதால் தப்பிக்கிறார். படத்தில் ஒட்டுப்போட்ட வித்தை எதுவும் இல்லை, நிஜமான சுவர். பார்க்கிறவர்கள் எல்லாரும் சுவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கீட்டனை மட்டும் பாருங்கள். சுவர் விழும்போது அவருக்கு விஷயமே தெரியாது. விழுந்த பிறகும் ஒரு கணம் புரியாமல் நிற்கிறார். அப்புறம்தான் ஓட்டம். அந்த ஒரு கணத்தை வெட்டி எடுத்துவிட்டால் அது வெறும் சாகசக் காட்சி. ஆபத்து நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவருக்கும் தெரிய வருகிறது. சிரிப்பு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கோமாளியின் தலைக்குள் ஓடுவது உடம்பில் தெரிய வேண்டும். அது தெரியாதவரை எவ்வளவு அழகாக விழுந்தாலும் பார்ப்பவர் ‘ஐயோ, அடிபட்டிருக்குமோ’ என்றுதான் நினைப்பார்.

ஒரு காட்சியை எப்படிப் பார்க்க வேண்டும்?

ஒரு நிமிடக் காட்சி போதும். முழுப் படம் வேண்டாம்.

முதல் தடவை சும்மா ரசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஒலியை அணைத்துவிடுங்கள். பின்னணி இசை எந்த அளவுக்கு நம்மை ஏமாற்றிச் சிரிக்கவைக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அப்புறம் கண்ணை மட்டும், பிறகு காலை மட்டும், பிறகு எதிரே நிற்பவரை மட்டும் பாருங்கள். கடைசியாகப் பாதி வேகத்தில் ஓட்டி, சிரித்த இடத்துக்கு முந்தைய இரண்டு நொடிகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெடி வெடிப்பது அங்கே, திரி பற்றவைத்தது இங்கே.

எதிரே நிற்பவரைப் பார்ப்பதற்கு நம்மிடமே ஒரு முதல்தரப் பாடம் இருக்கிறது. ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ், டி.எஸ். பாலையாவிடம் தான் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்லும் காட்சி. நாகேஷ் கதவு திறப்பது முதல் காற்று வீசுவதுவரை எல்லாவற்றையும் குரலாலும் உடம்பாலும் செய்துகாட்டுகிறார். ஒலியை அணைத்துவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு அவர் எழவில்லை. முகம் இறுகுவதும் உடம்பு சுருங்குவதும் கண் ஒரு பக்கமாக நகர்வதும் தவிர பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நாகேஷ் போட்ட விதையெல்லாம் அந்த முகத்தில்தான் முளைக்கிறது. அந்தக் காட்சியில் யார் பெரியவர் என்று 60 வருடமாக நடக்கும் சண்டையில் நான் பாலையா பக்கம்.

யாரிலிருந்து தொடங்கலாம்?

மிஸ்டர் பீன். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 1990 புத்தாண்டு நாளில் ஒளிபரப்பான முதல் பகுதியிலேயே ஒரு கடற்கரைக் காட்சி வருகிறது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதால், போட்டிருக்கும் கால்சட்டையைக் கழற்றாமலேயே உள்ளாக நீச்சல் உடைக்கு மாறப் பார்க்கிறார் பீனாக நடிக்கும் ரோவன் அட்கின்சன். ஒவ்வொரு படி முடிந்ததும் பக்கத்து ஆளை ஒரு பார்வை பார்க்கிறார். அந்தப் பார்வைகளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது துணி மாற்றும் ஒருவர் மட்டும்தான். கடைசியில் பக்கத்து ஆள் பார்வையற்றவர் என்று தெரியும்போது, அத்தனை பார்வையும் வீண் என்பதே உச்சச் சிரிப்பாகிறது. கட்டுமானம் வெளியே தெரிகிற காட்சி, ஆரம்பிப்பவர்களுக்கு நல்லது.

அடுத்து லாரல்–ஹார்டி. நிதானமாகச் செய்வார்கள், பிடித்துக்கொள்ளலாம். பிறகு சாப்ளின், கீட்டன். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தத்தியின் ‘பிளேடைம்’ (1967) எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அதைத் தள்ளிப்போடுங்கள். திரை முழுக்க ஒரே நேரத்தில் நாலைந்து வேடிக்கை நடக்கும். எங்கே பார்ப்பது என்று பழகிய கண்ணுக்குத்தான் அது தீனி.

தமிழில் வேண்டுமென்றால் சந்திரபாபுவின் கால்களையும் ‘திருவிளையாட’லில் தருமியாக வரும் நாகேஷின் தோள்களையும் பாருங்கள். வசனமே இல்லாத முழுநீளப் படம் என்றால் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘பேசும் படம்’ (1987).

பழைய படங்களில் எல்லாரும் குடுகுடு என்று ஓடுகிறார்களே, அந்த வேகம் எப்படி வருகிறது?

பாதி வேகம் உடம்பினுடையது இல்லை, கேமராவினுடையது. அப்போது கேமராவைக் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள். பெரும்பாலும் நொடிக்கு 16 முதல் 20 சொச்சம் பிரேம்கள். பேசும் படம் வந்த பிறகு நொடிக்கு 24 என்று நிலைத்தது. பழைய படத்தை அந்த வேகத்தில் ஓட்டினால் எல்லாரும் ஓடத்தான் செய்வார்கள். போதாக்குறைக்கு நகைச்சுவைக் காட்சிகளில் வேண்டுமென்றே கேமராவை மெதுவாகச் சுற்றுவதும் உண்டு. அதனால் சாப்ளினின் வேகத்தை நகலெடுக்க முயலாதீர்கள், மேடையில் பதற்றமாகத்தான் தெரியும். அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்புகிறார் என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

மைம் கலைஞர்கள் இல்லாத சுவரைத் தொடுவது எப்படி?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பலரும் தவறாகச் செய்வது இதைத்தான். கையைக் காற்றில் தடவித் தடவிச் சுவர் காட்டுவார்கள். அது ஜன்னல் துடைப்பது போலத்தான் இருக்கும்.

மார்சோ செய்யும்போது கையை மட்டும் பாருங்கள். காற்றில் போகும்போது விரல்கள் தளர்ந்து லேசாக வளைந்திருக்கும். ‘சுவரை’த் தொட்ட நொடியில் உள்ளங்கை சட்டென்று தட்டையாகி, மணிக்கட்டு மடிந்து, ஒரு சின்ன வெட்டோடு நிற்கும். அந்த வெட்டுதான் சுவர். அதற்குப் பிறகு அந்தக் கை இருக்கும் இடத்திலேயே இருக்கும். உடம்பு பக்கவாட்டில் நகரலாம், குனியலாம், நிமிரலாம். கை மட்டும் அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி அசையாது. இதுதான் அடிப்படை. நிலைப்புள்ளி ஒன்று இருந்து, அதைச் சுற்றி உடம்பு நகர வேண்டும். கையை எடுக்கும்போது முதலில் விரல்கள் தளரும், பிறகு கை விலகும்.

பழக ஒரு வழி: நிஜச் சுவரில் இரு கையையும் வைத்து, கையை எடுக்காமல் உடம்பை நகர்த்துங்கள். முழங்கையும் தோளும் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். பிறகு ஓர் அடி பின்னால் வந்து, சுவர் இல்லாமல் அதையே செய்யுங்கள். மார்சோவின் ஆசிரியர் எத்தியேன் தெக்ரூ உடம்பை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, தலை தனியாக, கழுத்து தனியாக, மார்பு தனியாக அசைக்கப் பழக்கியவர். சலிப்பான பயிற்சிதான். வேறு குறுக்கு வழி கிடையாது.

எடை இல்லாத பொருளை எடை இருப்பதாகக் காட்டுவது?

வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருந்தால் அதுதான் உங்கள் குரு. நிரம்பிய கேனைத் தூக்கும்போது உங்களை வீடியோ எடுத்துப் பாருங்கள். தூக்குவதற்கு முன்பே கால் அகலும், முழங்கால் மடியும், மூச்சு நிற்கும். ஒரு கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், சும்மா இருக்கும் கை தானாக வெளியே விரியும், எடுத்து வைக்கும் அடி சின்னதாகும். கீழே வைத்த பிறகு விரல்கள் உடனே விரியாது. இவ்வளவும் நடக்கும்போது கையிலோ முகத்திலோ பெரிதாக ஒன்றும் தெரியாது. புதியவர்கள் முகத்தைச் சுளித்துத்தான் எடை காட்டுவார்கள். எடை இடுப்பிலும் காலிலும் இருக்கிறது.

கோமாளிக்கும் மைம் கலைஞருக்கும் என்ன வேறுபாடு?

எல்லை மங்கலானது, ஒருவரே இரண்டுமாக இருப்பார். மோட்டாவாகச் சொன்னால் மைம் இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டும். கோமாளிக்கு இருக்கிற பொருளே போதும், அதோடு சண்டை போடுவார்.

சுவிஸ் கோமாளி குரோக் பியானோ வாசிக்க உட்காருவார். நாற்காலி பியானோவிலிருந்து தள்ளி இருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து போய், அவ்வளவு பெரிய பியானோவை நாற்காலியை நோக்கித் தள்ள ஆரம்பிப்பார். அவர் கணக்கில் அது முற்றிலும் நியாயம். கோமாளி ஒருபோதும் ‘நான் வேடிக்கை செய்கிறேன்’ என்று நினைப்பதில்லை, ஒரு பிரச்சினையைத் தீர்க்கிறார். சாப்ளின் ‘கோல்ட் ரஷ்’ படத்தில் பசி தாங்காமல் ஷூவை வேகவைத்துச் சாப்பிடும்போதும் அப்படித்தான். ஆணியைக் கோழி எலும்புபோல் சப்புகிறார், நாடாவை நூடுல்ஸ்போல் சுற்றுகிறார், முகத்திலே விருந்துச் சாப்பாட்டு மரியாதை. (அந்த ஷூ அதிமதுர மிட்டாயில் செய்தது.)

ரஷ்யாவின் ஸ்லாவா பொலூனின் இரண்டையும் ஒன்றாக்குகிறார். ரயில் நிலைய வழியனுப்பல். ஸ்டாண்டில் ஒரு கோட் தொங்குகிறது. அதைத் துடைத்துச் சரிசெய்துகொண்டே தன் ஒரு கையை அதன் சட்டைக்கைக்குள் நுழைக்கிறார். அந்த நொடியிலிருந்து அந்தக் கை அவருடையது இல்லை. அது அவரைத் தட்டிக்கொடுக்கிறது, அணைக்கிறது, அவர் பைக்குள் ஒரு கடிதத்தை வைக்கிறது. பார்ப்பவர் சிரித்துக்கொண்டே கண் கலங்குவார். இரகசியம் தாளத்தில்தான் இருக்கிறது. அவருடைய சொந்த உடம்பு தயங்குகிறது, கோட்டின் கை நிதானமாக, உறுதியாக வருகிறது. ஒரே உடம்பில் இரண்டு வேகம். இன்னொன்று, கோட்டின் கை அசையும்போதெல்லாம் அவர் கண் அதைப் பார்க்கிறது. நாமும் அங்கேதான் பார்க்கிறோம்.

டைமிங் என்கிறார்களே, அதைக் கற்க முடியுமா? பிறவியிலேயே வருவதில்லையா?

பாதிக்கு மேல் கற்கலாம். அடிப்படைக் கணக்கு இதுதான்: சிரிப்பு எழும்பி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த அசைவு வர வேண்டும். உச்சியில் வந்தால் சிரிப்பை மூடிவிடும். முழுக்க அடங்கிய பிறகு வந்தால் மறுபடி முதலிலிருந்து தள்ள வேண்டும். படத்தில் ரசிகர் எதிரே இல்லாததால் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க ஹார்டியைப் பாருங்கள். தலையில் ஏதோ கொட்டிய பிறகு அவர் நேராகக் கேமராவைப் பார்ப்பார். ‘நான் யாரோடு மாரடிக்கிறேன் பாருங்கள்’ என்கிற பார்வை. நீங்கள் சிரித்து முடிக்க அவர் நேரம் கொடுக்கிறார்.

சிறுவன் கீட்டன் மேடையிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தார். அடி வாங்கியதும் தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது, முகத்தைக் கல்லாக வைத்திருந்தால் கூடுதலாகச் சிரிக்கிறது. அந்தக் கல் முகம்தான் பிறகு அவருடைய அடையாளம்.

கண்ணாடி முன் பயிற்சி செய்யலாமா?

வேண்டாம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உங்கள் கண் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. போனைத் தூரத்தில் வைத்து, தலை முதல் கால்வரை தெரிகிற மாதிரி எடுங்கள். குளோசப் வேண்டவே வேண்டாம்.

விழுவதும் அறை வாங்குவதும் ஆபத்தில்லையா?

ஆபத்துதான். கீட்டனே 1924இல் ‘ஷெர்லாக் ஜூனியர்’ படப்பிடிப்பில் ரயில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீர் தள்ளி, தண்டவாளத்தில் விழுந்து கழுத்தெலும்பில் முறிவு. வருடங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் விஷயமே தெரிந்தது. வீடியோவைப் பார்த்து நேரடியாக நின்ற நிலையிலிருந்து விழுந்து பார்க்காதீர்கள்.

மெத்தை விரித்து, குந்திய நிலையிலிருந்து தொடங்குங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பின்மண்டை தரையில் படவே கூடாது. கையை விறைப்பாக ஊன்றாதீர்கள், மணிக்கட்டுதான் முதலில் போகும். கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடை, பிட்டம் என்று சதை உள்ள இடமாக வரிசையாக இறங்க வேண்டும். மூச்சை வெளியே விட்டபடி இறங்குங்கள். முதல் சில வாரங்களாவது ஜிம்னாஸ்டிக்ஸோ ஜூடோவோ தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அறை என்பது அறை இல்லை. அடிப்பவர் கை முகத்துக்கு முன்னால் காற்றில் போகும். சத்தத்தை இருவரில் ஒருவர், பார்வையாளர் கண்ணில் படாத கையால் தட்டி எழுப்புவார். தலை திரும்புவது வாங்குபவரின் பொறுப்பு. எப்போது, எவ்வளவு என்பதை முடிவு செய்பவரும் அவரே. முடியைப் பிடித்து இழுப்பது, காதைத் திருகுவது எல்லாவற்றுக்கும் இதே விதி: வலி வாங்குவதாகக் காட்டுபவர் கையில்தான் கடிவாளம்.

நம்மூரில் நேரில் யாரைப் பார்க்கலாம்?

வடமாவட்டங்களில் பங்குனி தொடங்கிக் கோடை முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் தெருக்கூத்து நடக்கும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனைப் பாருங்கள். ராஜா கம்பீரமாக அடவு போடும்போது பின்னால் நின்று அதே அடவைக் கொஞ்சம் தளர்த்திப் போடுவார். ராஜாவின் நடையை அவர் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறார் என்பது அதில் தெரியும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தால், முதலில் வரும் பபூன் கூட்டத்தை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று பாருங்கள். இவர்களுக்கு வாய் பெரிய ஆயுதம், உடம்பு இரண்டாவது. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கையாளும் வித்தை எந்தப் படத்திலும் கிடைக்காது.

சர்க்கஸ் வந்தால் பார் (உயரத்தில் ஊஞ்சலாடும்) விளையாட்டில் தடுமாறித் தொங்கும் கோமாளியைக் கவனியுங்கள். தவறவிடுவதுபோல் பிடிக்கத் தெரிய வேண்டுமென்றால் அவர் நன்றாக ஆடத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொருவர் செய்ததை அப்படியே செய்தால் காப்பியடித்ததாகாதா?

அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் நகலெடுங்கள், அது பயிற்சி. மேடையில் அப்படியே போட்டால் திருட்டு. நடுவில் ஒரு பொதுச்சொத்தும் உண்டு. கண்ணாடி உடைந்துவிட, எதிரே நிற்பவர் பிம்பமாக நடிப்பது என்ற வித்தையை பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிந்தர் 1921 படம் ஒன்றில் செய்தார், அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் 1933இல் ‘டக் சூப்’ படத்தில் செய்தார்கள், அதற்குப் பிறகு எத்தனையோ பேர். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எலும்பு ஒன்று, சதை வேறு.

ஆனால் ஒருவருடைய முகப்பூச்சு அவருக்கே சொந்தம் என்பது கோமாளிகளின் எழுதாத சட்டம். 1940களில் லண்டனில் ஒருவர் கோமாளிகளின் முகங்களை முட்டை ஓட்டில் வரைந்து சேர்க்கத் தொடங்கினார். அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது, ஒரு முகத்துக்கு ஒரு முட்டை.

சிவப்பு மூக்கு, வெள்ளைப் பூச்சு, கோடு போட்ட பனியன் வேண்டுமா?

பனியன் வேண்டாம். அதைப் போட்ட உடனே மார்சோவின் நிழல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிவப்பு மூக்கை லெகோக் உலகின் மிகச் சிறிய முகமூடி என்பார், பயிற்சிக்கு உதவும். வெள்ளைப் பூச்சு தூரத்து வரிசைக்கு முகம் தெரியத்தான். பத்துப் பேர் உட்காரும் அறையில் அதற்கு வேலை இல்லை.

ஒல்லியாக இருந்தால்தான் எடுபடுமா?

ஹார்டி நடப்பதைப் பாருங்கள், அவ்வளவு பெரிய உடம்பு பூனைபோல் கால் வைக்கும். நாகேஷுக்கு ஒல்லி உடம்பே கருவி. உங்கள் உடம்பு எப்படியோ அதை வைத்துத்தான் ஆரம்பம்.

முதல் உருப்படியாக எதைத் தயார் செய்யலாம்?

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஆள், ஒரு பிரச்சினை. இரண்டு நிமிடம். உட்கார வேண்டும், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். மூன்று முயற்சிகள் வையுங்கள்: முதல் இரண்டும் ஒரே மாதிரி தோற்கட்டும், மூன்றாவது வேறு மாதிரி தோற்கட்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரு தடவை நாற்காலியைப் பாருங்கள், ஒரு தடவை கூட்டத்தைப் பாருங்கள். நண்பர்கள் நாலு பேருக்குச் செய்து காட்டுங்கள். போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வையுங்கள். எந்த நொடியில் சிரித்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும், அடுத்த ஒத்திகையை அங்கிருந்து தொடங்கலாம்.